பாலில் மருந்து கலக்குகிறவள் பாடிய பாட்டு

எங்கள் குடும்பத்தில் ஒருத்தி தினமும் மாலை ஏழரை மணிக்குப் பாலில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தாள். மருந்து என்றால் விஷம். மாமியாருக்குக் கொடுப்பதற்கு. மாமியார் ஒருநாளும் குடித்ததில்லை. யாராவது வந்து தட்டிவிடுவார்கள், இல்லையென்றால் பூனை வரும், அதுவும் இல்லையென்றால் விளம்பரம் வரும். ஆனாலும் அவள் சலிக்காமல் இரண்டு வருஷம் கலக்கினாள். அந்த உழைப்பில் பாதியைப் படிப்பில் காட்டியிருந்தால் கலெக்டராகியிருப்பாள் என்று நான் அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

அவள் என் அண்ணன் மகள். எனக்கு மருமகள் முறை. சீரியலிலும் அவள் பொல்லாத மருமகள் என்பதால் ஊரில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது காய்க்காரம்மா தராசைக் கீழே வைத்துவிட்டு என்னையே உற்றுப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, அந்தப் பாவி உங்களுக்கு மருமவளாமே? வீட்டுக்கு வந்தாள்னா பாலு கீலு வாங்கிக் குடிச்சிராதிய."

"நான் கடுங்காப்பிதான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு வெண்டைக்காயை நிறுத்தாள்.

மருமகளின் பெயரையும், சீரியலின் பெயரையும், பின்னால் அவள் போட்ட பாட்டு ஆல்பத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உடனே போனில் தேடிப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு, "முகம் இது சரி, குரல் யாருடையது?" என்று நீங்களும் கேட்பீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

விஷயம் இதுதான். சீரியலில் வருகிற குரல் அவளுடையதல்ல. நடிகை தேர்வுக்குப் போன அன்று முகம் பிடித்துவிட்டது, முழி ரொம்பப் பிடித்துவிட்டது. வாயைத் திறந்ததும்தான் வினை வந்தது. "செய்றான்" என்று எழுதிக் கொடுத்தால் இவள் "செய்யுதான்" என்று படித்தாள். பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரணமாகப் பேசும்போது சென்னைத் தமிழ் வந்தது. கோபம் வந்தால் மட்டும் திருநெல்வேலி எட்டிப் பார்த்தது. வில்லிக்குக் கோபம் வராத காட்சி ஏது? ஆகவே சென்னையில் ஒரு அம்மாளை வைத்துக் குரல் கொடுக்க வைத்தார்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் கரண்டி பட்ட மாதிரி கணீரென்ற குரல். ஊரே அந்தக் குரலில் சொக்கிப் போய் அவளைத் திட்டியது.

"எனக்கு ஒரு சௌகரியம் அத்தை" என்றாள் ஒருநாள். "எப்படியும் அந்த அக்கா வந்து மேல பேசிருவாங்க. அதனால ஷூட்டிங்ல நான் பாட்டுக்கு நம்ம பேச்சுலயே பேசிட்டுப் போயிருதேன்."

சௌகரியம் என்று சொன்னாளே தவிர, சொன்ன விதத்தில் அது சௌகரியமாக ஒலிக்கவில்லை.

இந்தக் குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் சின்னவளாக இருந்தபோது அண்ணனின் ஸ்கூட்டரில் முன்பக்கம் நின்றுகொண்டுதான் எங்கேயும் போவாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாட்டும் பேச்சுமாக வருவாள். கடைப் பலகையில் எழுதியிருப்பதை எல்லாம் ராகம் போட்டுப் படிப்பாள். ஆற்றுப் பாலம் ஏறினால் காற்றுக்கு எதிராகக் கத்துவாள். எங்கள் தெருவில் வண்டிச் சத்தத்துக்கு முன்னால் இவள் சத்தம் வரும். அவள் அம்மா, என் மதினி, அதைக் கேட்டுத்தான் அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். அண்ணனோ, பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல், முகம் கொள்ளாத சிரிப்போடு வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்.

அண்ணனுக்கு டவுனில் உரக்கடை. யூரியா, பொட்டாஷ், வேப்பம் புண்ணாக்கு. சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கத்து விவசாயிகள் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். பேச்சு குறைவு. எங்கள் தாத்தா காலத்தில் நிலம் இருந்தது, அப்பா காலத்தில் நிலத்தின் பெயர் இருந்தது, அண்ணன் காலத்தில் மற்றவர் நிலத்துக்கு உரம் இருந்தது. இதை நான் சொன்னால் அண்ணனுக்குப் பிடிக்காது. எழுதினாலும் பிடிக்காதுதான்.

சீரியல் தொடங்கிய முதல் நாள் அண்ணன் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். மதினி பாயசம் வைத்திருந்தாள். அண்ணன் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து, புது வேட்டி கட்டிக்கொண்டு, டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். திரையில் எங்கள் பிள்ளை பட்டுச்சேலையில் மாடிப்படி இறங்கி வந்தாள். எல்லாரும் கைதட்டினோம். அவள் வாயைத் திறந்து முதல் வசனத்தைப் பேசினாள். முடிப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். சட்டையை மாட்டினார். "கடையில லைட்டை அமத்தலை" என்று சொல்லிவிட்டுப் போனவர் எட்டரை மணிக்குத்தான் திரும்பி வந்தார். பாயசம் ஆடை கட்டிப் போயிருந்தது.

அன்றிலிருந்து அந்த நேரத்துக்கு அவர் வீட்டில் இருந்ததே இல்லை. சீரியல் முடிந்த பிறகுதான் வருவார். கடையில் யாராவது, "அண்ணாச்சி, டிவியில வாரது உங்க மவளாமே" என்று கேட்டால், "மழை வருமா அங்கன?" என்று பேச்சை மாற்றுவார். சொந்தக்காரர்களுக்கு வாய்க்கு அவல் கிடைத்தது. சைவக் குடும்பத்துப் பெண் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நடிக்கப் போய்விட்டாள், தகப்பனுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். மதினி அழுதாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சென்னையில் இருந்த அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

நேரே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்பிள்ளை பெரியவளாகிவிட்டால் தகப்பனுக்கும் மகளுக்கும் நேர்ப் பேச்சு நின்றுவிடும். சண்டை ஒன்றும் இல்லை. மரியாதை என்று பெயர். "அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா, கேளும்மா" என்று அப்பா காதுபட மகள் சொல்வாள். "வைக்கச் சொல்லு" என்று மகள் காதுபட அப்பா சொல்வார். நடுவில் நிற்கிற அம்மாவோ அத்தையோ வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் ஆள் நின்றாக வேண்டும். நான் பல வருஷம் அப்படி நின்றிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அண்ணன் வீட்டில் தபால்காரி.

சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் அந்த ஆல்பத்தைச் செய்தாள். ஷூட்டிங் இல்லாத நாட்களில் இசை தெரிந்த இரண்டு சிநேகிதர்களோடு உட்கார்ந்து, பாட்டை அவளே எழுதி, அவளே பாடினாள். எல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சு. வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண், பைக்கில் சுற்றிச் சுற்றி வருகிறவனைப் பார்த்து, "இங்கன நிக்கேன், அங்கன பாக்கே, பைய வந்தா என்ன கெட்டுப்போவும்" என்று கேட்கிற பாட்டு ஒன்று. பாபநாசம் பக்கத்திலிருந்து வருகிற சாரலைப் பற்றி ஒன்று. சென்னை விடுதியில் வாயைத் திறக்கப் பயந்து கிடந்த முதல் வருஷத்தைப் பற்றி ஒன்று. கடைசிப் பாட்டில் கொட்டும் இல்லை, ஆரவாரமும் இல்லை. ஸ்கூட்டரில் முன்னால் நின்று போன பிள்ளை பெரியவளாகிக் கேட்கிற பாட்டு அது. "முன்னால நிக்க இன்னும் எடம் உண்டா, முழங்கால் இடிச்சாலும் பரவால்ல" என்று முடியும்.

அதை முதல்முறை கேட்டபோது நான் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன். எனக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் குரலைத் தெரியும். தொண்டையில் கொஞ்சம் மணல் இருக்கிற குரல். உச்சத்துக்குப் போனால் லேசாகப் பிசிறும். அந்தப் பிசிறைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாட்டை அனுப்பினாள். கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. மறுநாள் கோயம்புத்தூர்ச் சித்தப்பா கேட்டார்: "நல்லா இருக்கு. யார் பாடினது?" அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. முகத்தைக் காட்டிவிட்டு வேறு யாரையோ பாட வைத்திருக்கிறாள் என்று சொந்தமே முடிவு கட்டிவிட்டது. இரண்டு வருஷமாக ஒரு குரலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, பிறந்ததிலிருந்து கேட்ட குரல் மறந்துபோயிருந்தது. என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் தெளிவாக இருந்தார்கள்.

"டீச்சர், அது டூப்புக் குரல் டீச்சர். சீரியல்ல பேசுததுதான் ஒரிஜினல்."

அன்று அவர்களுக்குக் கணக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. ஆல்பத்தைக் கேட்டுவிட்டு முதலில் மனசாரப் பாராட்டியவர் அந்தக் குரல் கொடுக்கும் அம்மாள்தான். "இவ்ளோ நல்ல குரலை நான் இத்தனை நாளா மூடி வச்சிருக்கேனேடி" என்று வாட்ஸ்அப்பில் அவளுக்குப் பேசி அனுப்பியிருந்தார். அதை அவள் எனக்கும் அனுப்பினாள். நல்ல மனுஷி.

ஆனால் அவள் எதிர்பார்த்திருந்தது அந்தப் பாராட்டை அல்ல. ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "அப்பா பாட்டைக் கேட்டாரா அத்தை? கடைசிப் பாட்டையாவது?" என்பாள். அண்ணனின் குழுப் பதிவுகள் எப்போதும் போல நெல் விலையும் அணை நீர்மட்டமும்தான். நான் ஒருநாள் கடைக்கே போனேன்.

"அண்ணே, பிள்ள பாட்டு அனுப்பியிருந்தாளே. கேட்டீங்களா?"

"உனக்கு என்ன தெரியும் பாட்டைப் பத்தி? கணக்கு டீச்சர்லா நீ" என்றார். என்றுவிட்டு யூரியா மூட்டையை எண்ணப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வேப்பம் புண்ணாக்கை அள்ளி அவர் தலையில் கொட்டியிருப்பேன். அவளிடம், "இன்னும் கேக்கலை போல" என்று மட்டும் சொன்னேன். "சரி அத்தை" என்று போனை வைத்துவிட்டாள்.

சீரியல் முடியப்போகிற சமயம். அதே கம்பெனி அடுத்த சீரியலுக்கு அவளைக் கேட்டிருந்தது. இந்த முறை கதாநாயகியே அவள்தான். ஆனால் குரல் மட்டும் அந்த அம்மாளுடையது, ஜனங்களுக்குப் பழகிய குரல், மாற்ற முடியாது என்றார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் வெள்ளிக்கிழமையன்று எங்கள் ஊர்ப் பொருட்காட்சி மேடையில் பாட அழைப்பு வந்திருந்தது. "ஊர்க்காரங்க என்ன சொல்லுதாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணுதேன்" என்று கிளம்பி வந்தாள்.

வந்த அன்று என்னோடு டவுனுக்கு வந்தாள். முகக்கவசம் போட்டுக்கொண்டால் போதும், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம், குரலை வைத்து ஒருவருக்கும் தெரியாது. வளையல் கடையில் பேரம் பேசி, கடைக்காரரைத் தண்ணீர் குடிக்க வைத்தாள். அளவு பார்க்கும்போது மூச்சு முட்டுகிறது என்று கவசத்தை இறக்கினாள். கடையிலிருந்த பெண் கண்ணை விரித்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "அக்கா, நீங்க அந்தச் சீரியல்காரி மாதிரியே இருக்கிய. குரல்தான் இல்ல" என்றாள்.

"ஆமாம்மா, எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க" என்றாள் எங்கள் பிள்ளை. வெளியே வந்து விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அவள் கவசத்தை மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

ஆனித் தேரோட்டம் நெருங்கியிருந்தது. பொருட்காட்சியில் நல்ல கூட்டம். டெல்லி அப்பளம் ஒரு பக்கம், ராட்டினம் ஒரு பக்கம். மேடை முன்னால் பெண்கள் மணிக்கணக்காக இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள், தாங்கள் வெறுக்கிற ஒருத்தியைப் பார்ப்பதற்கு. அண்ணன் வரவில்லை. லோடு வருகிறது என்று மதினியிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவள் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணின் பாட்டைப் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். கூட்டம் கைதட்டாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போது நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"சொந்தக் குரல்ல பேசும்மா!"

அவள் சிரித்தாள். "இதுதாங்க என் சொந்தக் குரல்" என்றாள். கூட்டமும் சிரித்தது, நல்ல நகைச்சுவை என்று. மினுமினுப்புக் கோட்டு போட்டிருந்த தொகுப்பாளர் பையன் மைக்கைப் பிடுங்கி, "ஒரே ஒரு டயலாக்! ஊருக்காக!" என்று கிளப்பிவிட்டான். விசில் பறந்தது. அவள் மைக்கைத் திரும்ப வாங்கி, தலையை நிமிர்த்தி, அந்த அம்மாளின் கணீர்க் குரலை அப்படியே தன் தொண்டையில் வரவழைத்து, "இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்தக் கிழவி இருக்கணும்!" என்றாள்.

மைதானமே எழுந்து நின்றது. ராட்டினத்தில் மேலே இருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

எனக்குப் பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "பாத்தியா, இப்பந்தான் அவ குரல் வருது. முன்ன பாடுனதெல்லாம் ரெக்கார்டு" என்றாள். நான் திரும்பினேன். எனக்குக் கோபத்தை அடக்கத் தெரியாது.

"ஏம்மா, நான் அவ அத்தை. பிறந்த அன்னைக்கு அவ அழுத சத்தத்தை ஆஸ்பத்திரியில நின்னு கேட்டவ. முன்ன பாடுனதுதான் அவ குரல்."

அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அத்தைன்னா விட்டுக் குடுப்பியளா? நல்ல மனசு உங்களுக்கு" என்று என் தோளைத் தட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை முழுக்க அவள் பெட்டியை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தாள். சாயங்காலம் என் அருகில் வந்து உட்கார்ந்து தலையை என் மடியில் சாய்த்தாள்.

"அந்தக் குரலையே வச்சுக்கிடுதேன் அத்தை. ஊருக்கு அதுதான் புடிச்சிருக்கு. அப்பாவுக்கும் நான் பேசுனா என்ன, பாடுனா என்ன. திங்கக்கிழமை சரின்னு சொல்லிருதேன். பாட்டெல்லாம் போதும்."

"அடி போடி" என்றேன். ஊரையே எதிர்த்துச் சண்டை போடலாம், போட்டும் பார்த்துவிட்டேன். அவள் தகப்பனுக்குப் பதிலாக நான் என்ன பேச முடியும்? அவள் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அன்று இரவு ரயில். வழக்கமாக அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகுதான் கிளம்புவாள். திருவிழா நெரிசலில் ரத வீதிப் பக்கம் வண்டி ஊர்ந்துகொண்டிருந்ததால், போகிற வழியில் கடையிலேயே சொல்லிக்கொண்டு ஜங்ஷனுக்குப் போய்விடலாம் என்று ஆட்டோ பிடித்தோம். ஏழரை தாண்டியிருந்தது. கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே படியில் மூட்டை தூக்கும் பெரியவரும், உரம் வாங்க வந்த ஒரு விவசாயியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பப் போவாதீங்க டீச்சர்" என்றார் மூட்டைக்காரர். "அண்ணாச்சி பூசையில இருக்காவ. தெனமும் இந்நேரம் ஷட்டரை எறக்கிட்டுச் சாமி கும்புடுவாவ. எங்களை வெளிய அனுப்பிருவாவ."

எங்கள் அண்ணன் விளக்கு ஏற்றுவதே வெள்ளிக்கிழமை மட்டும்தான். நான் குனிந்து உள்ளே போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

மூட்டைகளுக்கு நடுவே, ஸ்டூல் மேல், ஒரு சின்ன டிவி. அதில் அவள் பாலில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. அண்ணன் பொட்டாஷ் மூட்டையில் உட்கார்ந்திருந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் சொம்பு. சொம்புக்குள் அவருடைய போன், ஒலிபெருக்கி மாதிரி. சொம்பிலிருந்து அவள் குரல் வந்துகொண்டிருந்தது. "முன்னால நிக்க இன்னும் எடம் உண்டா."

விளம்பரம் வந்தது. அண்ணன் சொம்புக்குள் கையை விட்டுப் பாட்டை நிறுத்தினார். சோப்புக்காரி போகும்வரை காத்திருந்தார். அவள் முகம் திரும்ப வந்ததும் பாட்டை மறுபடி ஓட விட்டார். திரையில் அவள் கண்ணை உருட்டி யாரையோ மிரட்டினாள். சொம்பில் அவள், முழங்கால் இடித்தாலும் பரவாயில்லை என்று பாடினாள். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

என் தோளை அவள் விரல்கள் அழுத்திப் பிடித்தன. "அத்தை" என்றாள், மூச்சுக் காற்றாக. பிறகு என்னை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"அப்பா."

அண்ணன் திடுக்கிட்டு எழுந்தார். சொம்பு உருண்டு, போன் தரையில் விழுந்து பாட்டு நின்றது. திருட்டுத்தனமாக வெல்லம் தின்று மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல முழித்தார். என்னைப் பார்த்து, "அவளை ரயிலுக்கு நேரமாச்சுன்னு..." என்று தொடங்கினார்.

"என்கிட்டச் சொல்லாதீங்க அண்ணே" என்றேன். "நான் இங்கன இல்ல."

அவர் உருண்ட சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"மொத நாளு ஒன்னைப் பாக்கத்தான் உக்காந்தேன் பிள்ள" என்றார் அவளைப் பார்த்து. "நீ வாயைத் தொறந்தே. வேற எவளோ பேசுதா. எம் பிள்ளைக்குக் குரலு போயிட்டுதோன்னு நெஞ்சு அடைச்சிட்டு. உக்கார முடியல. அதான் இங்கன வந்து சத்தத்தை அமத்திட்டுப் பாப்பேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"சத்தம் இல்லைன்னா நீ பேசுதது தெரியுதுலா. வாயைப் பாத்தாப் போதுமே. கோவத்துல நீ நம்ம பேச்சுதான் பேசுதே. போன வாரம் மாமியாக்காரிகிட்ட 'நான் போவுதேன்'னே. மேல எவளோ என்னமோ பேசியிருப்பா. நான் பாத்தேன், நீ 'போவுதேன்'னுதான் சொன்னே."

அவளுக்குக் கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கும்தான். உரக்கடைக் காரம் என்று யாரிடமும் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, எல்லாருமே அழுதுகொண்டிருந்தோம்.

"பாட்டைக் கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாப்பா? எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா?"

"ஒங்க அத்தை கேட்டா. நீ எங்க கேட்டே?" என்றார் அண்ணன்.

அவள் போய் அவர் பக்கத்தில் அதே பொட்டாஷ் மூட்டையில் உட்கார்ந்தாள். டிவியில் அடுத்த காட்சி தொடங்கியது. அண்ணன் போனை எடுக்கக் குனிந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா. நானே பேசுதேன்."

திரையில் அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்கு நடுவே வந்து நின்றாள். வாய் அசைந்தது. மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவள் அந்த வாய்க்குச் சரியாகத் தன் குரலைக் கொடுத்தாள். "ஏ கெழவி, ஒன்னை நான் சும்மா விடுவேன்னு நெனைச்சியோ? பையப் பைய என் வேலையைக் காட்டுதேன், பாத்துக்கிட்டே இரு!" மணல் கிடக்கிற, உச்சத்தில் பிசிறுகிற குரல். அண்ணன் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். ஸ்கூட்டர் ஓட்டிவந்த காலத்து முகம் அப்படியே இருந்தது. மாமியாருக்கும் அவளே பேசினாள், பூனைக்கும் அவளே கத்தினாள். அந்தச் சீரியலை நான் முழுசாக ரசித்துப் பார்த்தது அன்று மட்டும்தான்.

சத்தம் கேட்டு வெளியே இருந்தவர்கள் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள். விவசாயி உள்ளே எட்டிப் பார்த்தார். டிவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி டிவியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பாலுல மருந்து கலக்குத அந்தப் பிள்ளைலா இது?"

"ஆமா" என்றார் அண்ணன். இரண்டு வருஷமாக மழையைப் பற்றிப் பேசி நழுவிய மனிதர், எழுந்து நின்று சொன்னார்: "எம் மவ. பாட்டும் பாடுதா."

"குரலு வேறல்லா இருக்கு?"

"இதுதான்வே அவ குரல்" என்றார் அண்ணன். "டிவியில வாரதுதான் வேற."

திங்கட்கிழமை காலையில் சென்னையில் அந்தக் கம்பெனிக்காரர்களிடம் புதுச் சீரியலுக்கு அவள் சொன்ன பதிலும் இதேதான், எங்கள் ஊர் 'வே' மட்டும் இல்லாமல்.